பழைய பெட்டிக்குச் சாட்டா போட்ட கதை

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், அதைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளை வாய் திறக்கவிட வேண்டும். பாதிக் கோளாறு அங்கேயே அகப்பட்டுவிடும். மீதிப் பாதி பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும். திரையில் சுற்றுகிற அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன சக துன்பவாசிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதுக்கோட்டையில் ராஜ வீதிகள் பக்கம் ஒரு சந்துக்குள் என் கடை. வயது எழுபத்தொன்று. கடையில் என்னோடு வேலை பார்ப்பது என் மருமகள் சித்ரா. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள், கை சுத்தம். நான் கொஞ்சம் தாராளமாகச் சொல்லுகிற கதைகளை அளவெடுத்து வெட்டித் தைப்பதும் அவள்தான்.

இந்த நாட்களில் கடைப்படி ஏறுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது ஒரே கேள்வி. "பெட்டி பழசுங்க. எஸ்எஸ்டி போட்டா பறக்குமாம். ஆனா என் பெட்டிக்குச் சாட்டாதான் சேருமாம். அது பழைய வழியாம், இப்ப எல்லாம் என்விஎம்ஈயாம். பழசுல போய்க் காசைப் போடலாமா?" எஸ்எஸ்டி என்பது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, உள்ளே எதுவும் சுற்றாத டிரைவ். சாட்டா என்பது ஹார்டு டிஸ்க் காலத்திலிருந்து வருகிற பட்டை ஒயர் வழி. என்விஎம்ஈ என்பது போர்டிலேயே நேராகச் செருகுகிற புது வழி. கேள்விக்கு ஒரே வரியில் பதில் இருக்கிறது. ஆனால் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டால் அப்புறம் நாள் முழுக்க நான் என்ன பேசுவது?

இறால் காய்ந்த நேரம்

கட்டுமாவடியில் நூர்ஜஹான் என்று ஓர் அம்மா. ஐம்பது வயதிருக்கும். ஜெராக்ஸ், பிரிண்ட், ரயில் டிக்கெட், அரசாங்க விண்ணப்பம் என்று எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பார்க்கிற கடை. பெட்டிக்குப் பதினொரு வயது. "ரொம்ப மெதுவா இருக்குண்ணே, ஒரு எட்டு வந்து பாருங்க" என்று போன் செய்தார். சித்ராவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நான் போனது கொடுவா மீனுக்கும் சேர்த்துத்தான் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

சுவிட்சைப் போட்டார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஒரு படகு வந்தது, மீன் இறங்கியது, ஏலம் நடந்தது, கொடுவா வாங்கினேன், விலை கூடுதல் என்று சண்டை போட்டேன், சமாதானமாகி அந்த மீன்காரரோடு டீ குடித்தேன். திரும்பி வந்தால் வட்டம் அப்படியே சுற்றுகிறது. சுவிட்சைப் போட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் சாக்கை விரித்துப் பச்சை இறாலைக் காயப்போட்டிருந்தார். திரையில் டெஸ்க்டாப் தெரிந்தபோது அதைக் கருவாடாக அள்ளிக்கொண்டு உள்ளே போனார். என் இரண்டு கண்ணால் பார்த்தது. இதை அறந்தாங்கி வரைக்கும் பஸ்ஸில் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க எனக்கும் உற்சாகம் கூடியது. அப்போதுதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "பதினாலு நிமிஷம் மாமா. போன்ல டைம் வச்சுப் பாத்தேன். அந்த இறால் நாம போறப்பவே காஞ்சுதான் கெடந்துச்சு."

மெத்து நாற்காலி

பதினாலு நிமிஷம் என்பதும் சாதாரணமில்லை. கடற்கரை ஊர், கரண்ட் ஒரு நாளைக்கு மூன்று தடவை போய் வரும். யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல நாள் ஆகிறது. போன கரண்ட் வந்ததும் மறுபடி பதினாலு நிமிஷம். "நூர்ஜஹான் கடைக்குப் போறதுன்னா கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போ" என்று ஊரில் கேலி. இதற்குள் எதிர்ச்சாரியில் பாலமுருகன் என்று ஒருவர் நாலு புதுக் கம்ப்யூட்டரோடு ஏசி கடை திறந்துவிட்டார். முப்பத்தைந்து வயசுக்காரர். கெட்ட மனிதர் இல்லை. திறப்பு விழா அன்று தாம்பூலத் தட்டோடு நூர்ஜஹானிடமே வந்து, "அக்கா, நீங்க ஏன் தனியாக் கஷ்டப்படுறீங்க? கடையைக் காலி பண்ணிட்டு என் கடையில வந்து உக்காருங்க. மாசச் சம்பளம் தாரேன்" என்று கேட்டிருக்கிறார்.

நூர்ஜஹான் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. தனக்குத்தானே ஒரு கெடு வைத்துக்கொண்டார். பிளஸ் டூ ரிசல்ட் வந்து, காலேஜ் விண்ணப்பம் தொடங்குகிற திங்கட்கிழமை. வருஷத்தில் அவருடைய கடைக்கு அதுதான் பெரிய நாள். அன்றைக்கு ஜனம் தன் வாசலில் நின்றால் கடை இருக்கும். எதிர்ச்சாரியில் போய் நின்றால், மறுநாள் சாவியைக் கொண்டுபோய்ப் பாலமுருகனிடம் கொடுத்துவிடுவது. அதற்குள் இந்தப் பழைய பெட்டியில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுவது பிரயோஜனமா, வீண் வேலையா? இதுதான் அவர் கேள்வி. "அவர் கடை நாற்காலி அவ்வளவு மோசமா?" என்று நான் வம்புக்குக் கேட்டேன். அந்தம்மா தன் கடையின் பிரம்பு நாற்காலியை ஒருதரம் தடவிக்கொண்டு சொன்னார்: "மெத்து மெத்துன்னு நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா அதுல உக்காந்தா நேர் எதிர்ல தெரியறது பூட்டுன எங்கடைதானே?"

சந்தையில் வாங்கிய சாட்டை

"வாயால சொல்லாதீங்க. யாருக்காவது போட்டு ஓடுனதைக் காட்டுங்க" என்றார் நூர்ஜஹான். நல்ல கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும், ஆனால் அவர்களிடம் கதை எடுபடாது. அந்த வாரமே என் கடைக்கு வந்து சேர்ந்தார் வெள்ளைச்சாமி. ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயி. மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஒரு காலத்தில் மண்ணைக் கிளப்பியவர். ஒரு கையில் மகளின் பழைய லேப்டாப். இன்னொரு கையில், காகிதத்தில் சுற்றிய ஏதோ நீளமான சாமான். அதை மேஜை மேல் வைத்துப் பிரித்தார். பிரம்புக் கைப்பிடியும் தோல் வாருமாக, புத்தம் புதுச் சாட்டை.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் போனில், "அப்பா, லேப்டாப் மெதுவா இருக்கு. புதுக்கோட்டையில குடுத்து சாட்டா போடச் சொல்லு" என்றிருக்கிறாள். இவர் காதில் விழுந்தது சாட்டை. மனிதர் சந்தேகமே படவில்லை. மெதுவாகப் போகிறதற்குச் சாட்டைதானே போடுவார்கள்? அதிலும் கம்ப்யூட்டர் கடையில் சாட்டை விலை அதிகமாக இருக்கும் என்று, மாட்டுச் சந்தையிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கி வந்துவிட்டார். "மாட்டுற கூலி மட்டும் சொல்லுங்க" என்றார். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் மாட்டணும், வலத்தையா இடத்தையா?" என்று கேட்டேன். சித்ரா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தது எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும்.

பிறகு அவரை உட்காரவைத்துச் சங்கதியைச் சொன்னோம். சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிய, கனமே இல்லாத அந்த டிரைவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சித்ரா லேப்டாப்பைக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே வாயில் சாட்டா எஸ்எஸ்டியைச் செருகினாள். பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் அப்படியே இதற்கு மாற்றினாள். பட்டனை அமுக்கியதும் அவர் வெற்றிலைப் பையை அவிழ்த்தார். பாக்கை வாயில் போடுவதற்குள் மகளின் கல்யாணப் போட்டோ திரையில் வந்து நின்றது. அந்த மனிதர் வெட்கப்பட்ட மாதிரியே தெரியவில்லை. எழுந்து, லேப்டாப்பின் முதுகை ஒரு காளையின் திமிலைத் தட்டுகிற மாதிரித் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நல்ல சாட்டைங்க இது. மேல படாமலே ஓடுதே!"

ஏழாயிரமும் ஐந்நூறும்

வெள்ளைச்சாமியின் சங்கதியை நான் நூர்ஜஹானுக்குச் சொன்னதும் அவர் சிரித்தார். ஆனால் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தார். "பாலமுருகன் கடையில இருக்கிற என்விஎம்ஈக்கு செகண்டுக்கு ஏழாயிரம் எம்பி வேகமாம், நீங்க சொல்றதுக்கு ஐந்நூறாம். பதினாலுல ஒரு பங்கைக் காசு குடுத்து வாங்கச் சொல்றீங்களா?" இதற்கு என்னிடம் ஒரு பெரிய கதை இருந்தது. ஆனால் கதையைவிட நல்லதாக ஓர் ஆள் இருந்தார்: ஓய்வு பெற்ற பௌதிகப் பேராசிரியர். அவரும் இதே சந்தேகத்தில் மாட்டி, வேகமானதுதான் வேண்டும் என்று என்விஎம்ஈ குச்சி ஒன்றைத் தானே வாங்கிவிட்டவர். சூயிங்கம் பட்டை போல் மெல்லிசாக இருக்கும், அதனால் குச்சி என்போம். அவருடைய பழைய லேப்டாப்பிலும் குச்சி செருக ஒரு வாய் இருந்தது. ஆனால் அது சாட்டாக் குச்சிக்கான வாய். சாட்டாக் குச்சியின் நுனியில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருக்கும், இவர் வாங்கியதில் ஒரே வெட்டு. திருப்பிப் போட்டார், கவிழ்த்துப் போட்டார், எங்கே போகும்? படிக்காதவன் என்றால் சுத்தியலை எடுத்திருப்பான். அவர் எடுத்தது பூதக்கண்ணாடி. வெட்டை எண்ணிப் பார்த்து, தப்பு தன்னுடையது என்று தானே கண்டுபிடித்து, குச்சியை என் மேஜையில் வைத்து, "நான் ஃபெயில்" என்றார். எத்தனை பேர் இப்படிச் சொல்லுவார்கள்?

சாட்டாவே போட்டுக் கொடுத்தோம். மனிதர் விடவில்லை. மகன் வீட்டில் இருந்த புதுக் கம்ப்யூட்டரையும் தன் பழைய லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடிகாரத்தோடு ஒரு வாரம் ஆராய்ச்சி. கடுதாசி எழுதுவது, பேங்க் பக்கம் திறப்பது, விண்ணப்பம் நிரப்புவது, இதிலெல்லாம் ஒன்று முந்தினால் மற்றது கண் சிமிட்டுகிற நேரம் பிந்தியது, அவ்வளவுதான். பெரிய பெரிய வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும், போர்டில் புது வழி ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கும் என்விஎம்ஈதான் சரி என்பதையும் மறக்காமல் நோட்டில் குறித்திருந்தார். நூர்ஜஹானிடம் அவரைப் போனில் பேசவைத்தேன். முழு நோட்டையும் வாசித்துவிட்டுக் கடைசியில் அவர் சொன்னது: "ஏழாயிரத்துக்கும் ஐந்நூறுக்கும் உள்ள வித்தியாசம் பேப்பர்ல இருக்கும்மா. ஐந்நூறுக்கும் ஒங்க பழைய டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் ஒங்க ஆயுசுல இருக்கு."

துபாயிலிருந்து வந்த நட்டு

நூர்ஜஹான் அநேகமாகச் சரி என்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து, துபாயில் இருக்கிற அவருடைய கொழுந்தனார் ஊர் வந்தவர் ஒருவரிடம் ஒரு டிரைவ் கொடுத்துவிட்டார். யாரோ ஆன்லைனில் விற்றது. நான் சொன்னதைவிடப் பதினாறு மடங்கு கொள்ளளவு, பாதி விலை. பளபளவென்று வெள்ளிக் கூடு. "இதையே மாட்டிடுங்கண்ணே" என்று நூர்ஜஹான் அதைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்தார். சித்ரா கையில் வாங்கியதுமே ஒருதரம் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். லொடக் என்றது. நல்ல எஸ்எஸ்டிக்குள் ஆடுகிற சாமான் எதுவும் கிடையாது.

நூர்ஜஹானிடம் அனுமதி கேட்டுக் கூட்டைப் பிரித்தோம். உள்ளே போனில் போடுகிற மெமரி கார்டு ஒன்று பசை வைத்து ஒட்டியிருந்தது. பக்கத்தில், கனம் தெரிவதற்காக ஓர் இரும்பு நட்டு. அவ்வளவுதான் சரக்கு. கெடுவுக்கு இன்னும் ஆறு நாள்தான். இனிமேல் இந்த அம்மா எஸ்எஸ்டி என்ற பேச்சையே நம்பமாட்டார், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். அப்புறம் திரும்பி வந்து கையை நீட்டினார்: "அந்த நட்டை மட்டும் குடுங்கண்ணே. கடையில ஃபேன் ஒண்ணு ஆடிக்கிட்டே இருக்கு."

மருமகள் சொன்ன குறைகள்

மறுநாள் நான் அவருக்குப் போன் போட்டு, சாட்டாவின் பெருமைகளை ஓதினேன். உள்ளே சுற்றுகிற தட்டு இல்லை, ஊசி இல்லை, கீழே விழுந்தாலும் லேசில் சாகாது, சத்தம் கிடையாது, சூடு கிடையாது, போட்டால் பெட்டி வாயுவேகம் மனோவேகம் என்று. மறுமுனையில் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. சித்ரா போனைப் பிடுங்கினாள்.

"அக்கா, நான் சொல்றேன் கேளுங்க. இதைப் போட்டா இன்டர்நெட் வேகம் கூடாது. கவர்மென்ட் சர்வர் படுத்துச்சுன்னா நாமளும் படுக்க வேண்டியதுதான். பிரிண்டர் அதே பழைய பிரிண்டர்தான். மெமரி நாலு ஜிபி இருக்கு, அதை எட்டாக்கணும், இல்லேன்னா பாதி பலன்தான். புது விண்டோஸை ஒங்க பெட்டி ஏத்துக்காது, பழசுக்குப் பாதுகாப்பு அப்டேட்டும் வராது, அதனால ஒங்க சொந்த பேங்க் பாஸ்வேர்டை எல்லாம் அதுல வைக்காதீங்க. ரெண்டு வருஷம் ஓட்டலாம், மிஞ்சிப்போனா மூணு. அப்புறம் பெட்டியை மாத்தித்தான் ஆகணும். மாத்துறப்ப இந்த டிரைவைக் கழட்டிப் புதுசுல ரெண்டாவதா மாட்டிக்கலாம், சாட்டா வாய் இப்பவும் புது போர்டுல வருது. பேர் தெரிஞ்ச கம்பெனி டிரைவா, பில்லோட, வாரண்டியோட தருவேன். பெருசு வேணாம், சின்னதே போதும். பழைய டிஸ்க்கும் உள்ளயே இருக்கட்டும், ஸ்கேன் பண்ணதைப் போட்டு வைக்க." நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வியாபாரம் பண்ணத் தெரியாத மருமகள் என்று நினைத்துக்கொண்டேன். மறுமுனையில் முதல் தடவையாகக் குரல் வந்தது: "என்னென்ன செய்யாதுன்னு எனக்குச் சொன்ன மொத ஆள் நீதாம்மா. சனிக்கிழமை வந்து மாட்டு."

வாசலில் உட்கார்ந்த மாப்பிள்ளை

சனிக்கிழமை போனோம். இந்தத் தடவை நானே மாட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். மருமகள் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தாள். மெமரியைக் கூட்டினேன். எஸ்எஸ்டியைப் பொருத்தினேன், பட்டை ஒயரைச் செருகினேன், பழைய டிஸ்க்கில் இருந்ததைப் பிரதி எடுத்தேன். அக்கம்பக்கத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். எதிர்ச்சாரியிலிருந்து பாலமுருகனும் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் கண்ணை இமைக்காமப் பாருங்க, இமைச்சா தவறவிட்டுடுவீங்க" என்று அறிவித்துவிட்டுப் பட்டனை அமுக்கினேன்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டம் இமைத்தது, கொட்டாவி விட்டது, ஒவ்வொருவராகக் கலைந்தது. எனக்கு வேட்டி நனைகிற அளவுக்கு வியர்த்தது. நூர்ஜஹான் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள். சித்ரா வந்தாள், கீபோர்டில் ஏதோ ஒரு பட்டனைத் தட்டிப் பெட்டியின் செட்டிங்குக்குள் போனாள், பார்த்தாள். புது டிரைவைப் பொருத்தினேனே தவிர, இனிமேல் இதிலிருந்துதான் விழிக்க வேண்டும் என்று பெட்டிக்கு நான் சொல்லவே இல்லை. அது பழக்க தோஷத்தில் பழைய டிஸ்க்கையே எழுப்பி, அதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. புதியது சும்மா கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. சித்ரா அந்த விழிக்கிற வரிசையை மாற்றினாள். மறுபடி போட்டதும் டெஸ்க்டாப் வந்த வேகத்தில் நூர்ஜஹான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மூன்று எண்ணுவதற்குள் என்று நான் சொல்லுவேன். பத்தொன்பது செகண்ட் என்று சித்ரா சொல்லுவாள். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட நூர்ஜஹான் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏண்ணே, புது மாப்பிள்ளையை வாசல்ல உக்கார வச்சுட்டு, பழைய ஆளுக்கே பந்தி போட்டிருக்கீங்களே!"

ஒரு எம், ரெண்டு எம்

திங்கட்கிழமை நானும் கட்டுமாவடியில்தான் இருந்தேன். மறுபடி மீனுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குப் பாலமுருகன் கடையில் நாற்பது பேர். நூர்ஜஹான் கடையில் மூன்று பேர், அதில் ஒருவன் நான். அந்தம்மா வந்த இரண்டு பிள்ளைகளுக்கும் விண்ணப்பம் போட்டார். அப்போதுதான் அவர் வேலை செய்வதை முதல் தடவையாகப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு பையன் பெயர் முகமது என்று ஆரம்பித்தது. அவன் வாயைத் திறப்பதற்குள், "ஒங்க வீட்டுல முகமதுக்கு ஒரு எம்தான், அத்தா பேருக்கு மட்டும் ரெண்டு எம்" என்று அடித்துக்கொண்டே போகிறார். பையன் ஆதாரை எடுத்துப் பார்க்கிறான். ஒரு எம், ரெண்டு எம். அடுத்தது சுப்பிரமணியன் மகள். "ஒங்கப்பா பேரு பள்ளிக்கூட சர்டிபிகேட்ல ஒரு மாதிரி, சாதிச் சான்றிதழ்ல ஒரு மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்துல உள்ளபடியே போடுவோம்." எந்த வீட்டில் எந்த எழுத்து எத்தனை என்பது அவ்வளவும் அந்தத் தலைக்குள் இருக்கிறது. நான் பார்த்த டிரைவ்களிலேயே பெரிய கொள்ளளவு அதுதான். இத்தனை வருஷமும் அது பதினாலு நிமிஷ வட்டத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறது.

பதினோரு மணிக்கு எதிர்ச்சாரியிலிருந்து ஓர் அம்மாவும் மகனும் பிரிண்ட் தாளோடு ரோட்டைக் கடந்து வந்தார்கள். பிறகு இரண்டு பேர். பிறகு ஆறு பேர். அங்கே கம்ப்யூட்டர் பறந்தது உண்மை. எம் எண்ணிக்கையும் அதோடு பறந்துவிட்டது. நூர்ஜஹான் திருத்த ஆரம்பித்தார். கரண்ட் போயிற்று. வந்தது. பழைய பெட்டியாக இருந்திருந்தால் அத்தனை பேரும் அறந்தாங்கிக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். வரிசை முணுமுணுக்க ஆரம்பிப்பதற்குள் திரை வந்து நின்றது. மறுபடி போனது, மறுபடி வந்தது. மூன்று மணிக்கு அவர் வாசல் கூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டது. எதிரே போகாமல் நேராக அவர் கடைக்கே வந்தவர்களும் அதில் பாதி. காலையில் முதலில் வந்த அந்த அம்மாவிடம் அப்போதே நூர்ஜஹான், "அங்கிட்டுப் போனவ ஏம்மா இங்கிட்டு வந்தே?" என்று கேட்டார். பதில்: "அங்க ரெண்டே நிமிஷத்துல முடிச்சுக் குடுத்துட்டாங்கக்கா. அதான் தப்பைத் திருத்தச் சீக்கிரமா வந்துட்டோம்."

எதிர்க்கடைக்காரர் வருகை

செவ்வாய்க்கிழமை காலை நூர்ஜஹான் வழக்கம்போலத் தன் கடையைத் திறந்தார். சாவி எதிர்ச்சாரிக்குப் போகவில்லை. சேதியைச் சித்ராவுக்குத்தான் போன் செய்து சொன்னார். எனக்கு ஒரு சலாம் மட்டும் வந்தது, அதுவும் மருமகள் மூலமாக. போட்ட டிரைவ் வாங்கத் தகுந்ததா என்று இனி யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இடையில் ஒரு சின்ன விஷயம். திங்கட்கிழமை மத்தியானம் டீக்கடையில் நாலு பேர், "அந்தக்கா பெட்டியில அப்படி என்னதான் போட்டீங்க?" என்று என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. "எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு" என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போது என் விரல் பெட்டியைக் காட்டியதா, நாற்காலியைக் காட்டியதா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. மூன்றாம் நாள் பாலமுருகன் புதுக்கோட்டைக்கு என் கடை தேடி வந்தார். தன் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றையே கையோடு தூக்கி வந்திருந்தார். அதில் இருக்கிற என்விஎம்ஈ அந்தம்மாவுடையதைவிடப் பல மடங்கு வேகம் என்று சித்ரா எடுத்துச் சொன்னாள், கழற்ற வேண்டாம் என்று கெஞ்சினாள். அவர் கேட்பதாக இல்லை. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்: "வேகம் கெடக்குதுங்க ஐயா. அந்தக்கா பெட்டியில போட்ட சாட்டா, ஒரு எம்மா ரெண்டு எம்மான்னு தானாக் கண்டுபிடிக்குதாமே, எனக்கும் அதுலயே ஒண்ணு போட்டுக் குடுங்க."

ஆகவே சக துன்பவாசிகளே, பழைய வழியில் ஓடுகிற இந்த டிரைவ் பழைய பெட்டிக்குத் தாராளமாக வாங்கத் தகுந்ததுதான், ஆனால் அது என்னவெல்லாம் செய்யும் என்று நான் சொல்வதில் பாதியை மட்டும் என் மருமகளிடம் ஒருதரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.